சத்தம் வராத புரோகிராம்

எனக்கு நாற்பது வயது நெருங்கியபோது காதைப் பற்றிய பயம் பிடித்துக்கொண்டது. காரணம் என் அத்தா, அதாவது அப்பா. சந்தை சந்தையாகப் போய் வளையல் விற்றவர். நாற்பதைத் தாண்டியதும் அவருக்குக் காது மந்தமாகி, இரண்டே வருடத்தில் சுத்தமாக அடைத்துப்போனது. அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். விலை அதிகம் என்று திட்டினாலும் சிரிப்பார், சாவு வீட்டில் துக்கம் சொன்னாலும் சிரிப்பார். சின்ன வயதில் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று "டமாரம், டமாரம்" என்று நானே கத்தியிருக்கிறேன். அந்தப் பாவம் என்னைச் சும்மா விடாது என்று உள்ளுக்குள் எப்போதும் ஒரு உதறல்.

எனக்கோ பிழைப்பே காதுதான். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். மீட்டர் வைத்துப் பார்ப்பதெல்லாம் பேருக்கு. உள்ளே இருக்கிற காயில் என்ற கம்பிச்சுருளை அரைச் சுற்று திருகும்போது ஸ்டேஷன் எந்த இடத்தில் தெளிகிறது என்பதைக் காதுதான் சொல்லவேண்டும். காது போனால் கடை போயிற்று. மூன்று பெண் பிள்ளைகளும் அவர்கள் அம்மாவும் நடுத்தெருவுக்கு வந்துவிடுவார்கள். இந்தப் பயத்தை யாரிடமும் சொன்னதில்லை. தினமும் காலையில் தொழுதுவிட்டு வந்ததும் டைம்பீஸை எடுத்து, முதலில் வலது காதுக்கும் பிறகு இடது காதுக்கும் ஒரு அடி தள்ளிப் பிடிப்பேன். டக் டக் என்று கேட்கும். அன்றைய பொழுதுக்கு உயிர் வந்துவிடும்.

இப்படி ஒழுங்காகச் சோதித்துக்கொள்கிறவனுக்கு மற்றவர்கள் மேல் கோபம் வருவது இயல்புதானே. அந்த வருடம் இரண்டு சண்டை போட்டேன். நான் சரிசெய்து கொடுத்த டேப் ரிக்கார்டரில் 'உய்' என்று ஒரு சத்தம் விடாமல் வருகிறது என்று ஒருவர் திருப்பிக் கொண்டுவந்தார். போட்டுப் பார்த்தேன். அருமையாகப் பாடியது. "போய்ட்டு ஒங்க காதக் காட்டுங்க" என்று அனுப்பிவிட்டேன். இரண்டாவது, எங்கள் பள்ளிவாசல் மைக் செட். அதைப் பார்த்துக்கொண்டதும் நான்தான். வெள்ளிக்கிழமை பயான் பேச்சுக்கு நடுவே விசில் அடிக்கிறது என்றார்கள். மைக்கை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு பேசினால் விசிலும் அடிக்கும், சங்கும் ஊதும் என்று பாங்கு சொல்லும் மோதினாரைப் பிடித்து நாலு வார்த்தை சொன்னேன். பாவம், அவர் மைக்கை ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டார்.

நான் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் உள்ளவன். சர்க்கார் அனுமதியோடு சொந்த வயர்லெஸ் செட் வைத்து மற்ற ஊர்க்காரர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு அது. லைசென்ஸ் வேண்டுமென்றால் மெட்ராஸுக்குப் போய் மோர்ஸ் பரீட்சை எழுதவேண்டும். மோர்ஸ் என்றால் ஒவ்வொரு எழுத்துக்கும் சின்னச் சத்தமும் நீளச் சத்தமும் மாறி மாறி வரும், கேட்டு எழுதவேண்டும். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் உட்பட நான்கு பேர் அதற்காக என்னிடம் கற்றுக்கொண்டிருந்தார்கள். பரீட்சைக்கு ஒன்றரை மாதம்தான் இருந்தது.

பாடம் நடந்த இடம் சேலம் ரோட்டில் ஒரு கிரானைட் கம்பெனி ஆபீஸ். என் மனைவியின் தம்பி அங்கே குமாஸ்தா. அந்த ஆபீசில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. சேலத்து ரேடியோ நண்பர் ஒருவர் அதே மாதிரிக் கம்ப்யூட்டருக்காக மோர்ஸ் புரோகிராம் ஒன்று எழுதி, ஃபிளாப்பியில் போட்டுக் கொடுத்திருந்தார். ஓடவிட்டால் அதுவே எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, திரையில் காட்டிக்கொண்டே, பெட்டிக்குள் இருக்கிற சின்ன ஸ்பீக்கரில் ஒலிக்கும். மேனேஜர் ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூர் போய்விடுவார். பழைய பெட்டிதானே என்று எங்களை விட்டிருந்தார்.

திடீரென்று பழசைத் தூக்கிவிட்டுப் புதுசு வாங்கினார்கள். அதற்குத் தனி அறை, ஏசி, பூப்போட்ட உறை. ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் நெற்றியில் காய்ந்திருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பள்ளிவாசலுக்கு வெளியே நான் அவ்வளவு பயபக்தியோடு நுழைந்த இடம் அது ஒன்றுதான். புதுப் பெட்டியை வெளியாள் யாரும் தொடக்கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இருந்தும் என் மச்சினன் சாவியைக் கொடுத்தான். தெரிந்தால் அவன் வேலை போய்விடும். அது தெரிந்தேதான் வாங்கிக்கொண்டேன்.

முதல் ஞாயிறு இரண்டு பேருமாகப் போனோம். ஃபிளாப்பியைப் போட்டு ஓடவிட்டால், பத்து நிமிடம் ஓடவேண்டிய பாடம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. எழுத்துகள் திரையில் கொட்டித் தீர்ந்தன.

"என்னா மச்சான், சில்வண்டு மாதிரி கத்துது!" என்று சிரித்தான் மச்சினன்.

ஃபிளாப்பி சுற்றும்போது பெட்டி கர் கர் என்று ஓசை விடும். அதைச் சொல்கிறான் என்று நினைத்து நானும் சிரித்தேன்.

விஷயம் அவனுக்குப் பிடிபட்டது. சேலத்து நண்பர் ஒவ்வொரு சத்தம் வரும்போதும் கம்ப்யூட்டரை ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணச் சொல்லியிருந்தார். பழைய பெட்டி மெதுவாக எண்ணும், அந்த நேரத்துக்குச் சத்தம் நீளும். புதுசு ஐந்து மடங்கு வேகமாக எண்ணிவிட்டு அடுத்த வேலைக்கு ஓடுகிறது. "நூறை ஐநூறாக்கினாப் போதும் மச்சான்" என்று சொல்லி, எந்தெந்த இடத்தில் மாற்றவேண்டும் என்று பேப்பரில் குறித்துக் கொடுத்தான். அடுத்த ஞாயிறு அவனுக்குக் குவாரியில் வேலை இருந்தது. நான் தனியாகப் போனேன்.

நூறை ஐநூறாக்கினேன். எழுத்துகள் பழையபடி நிதானமாக, ஒன்றொன்றாகத் திரையில் வந்தன. அப்பாடா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் சத்தம் இல்லை.

நீங்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். எனக்கு அது நான்காம் ஞாயிறுதான் தெரிந்தது.

ஸ்பீக்கரைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். லட்ச ரூபாய்ப் பெட்டி என்று ஊரே பேசுகிற சாமான். நிறுத்தி நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். வாட்ச்மேனின் செவலை நாய் வாசலில் படுத்திருந்தது. நான் ஓடவிடும்போதெல்லாம் எழுந்து காதை ஆட்டிக்கொண்டு கேட் வரைக்கும் போய் நிற்கும். நிறுத்தினால் வந்து படுக்கும். சனியன், என்னைக் கண்டாலே ஆகவில்லை என்று நினைத்தேன்.

அந்த வாரம் முழுவதும் சோறு இறங்கவில்லை. கடையில் உட்கார்ந்தால் மேனேஜர் ஆட்டோவில் வந்து இறங்குவதுபோலவே இருந்தது. மனைவி இரண்டு தரம் கேட்டாள். கடைக்கு ஆள் வருவதில்லை என்று ஒரு பொய்யைச் சொன்னேன்.

மூன்றாம் ஞாயிறு துணிந்து பெட்டியைத் திறந்தேன். அதற்குமுன் ஆயிரம் ரேடியோவைத் திறந்திருப்பேன். அன்றைக்கு நான்கு ஸ்க்ரூவைக் கழற்ற அரைமணி நேரம் ஆனது. கைவிரல் வேர்த்து ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது. ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி, பேட்டரி ஒன்றைத் தொட்டுத் தொட்டு எடுத்தேன். டொக், டொக் என்று நன்றாகக் கேட்டது. ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கிறது. அப்படியானால் அதற்குச் சத்தத்தை அனுப்புகிற ஏதோ ஒரு சில்லு எரிந்துவிட்டது. அது எது, எங்கே கிடைக்கும், எதுவும் எனக்குத் தெரியாது. மூடிவிட்டு, உறையைப் போட்டு, அதன் சுருக்கத்தை எல்லாம் தடவிச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தேன். ஒருவனுடைய வேலையை என் பொழுதுபோக்குக்காகக் காவு கொடுத்துவிட்டேன் என்ற நினைப்பு. அன்று ராத்திரி டைம்பீஸை எடுத்துக் காதில் வைக்கவில்லை. வேறு பயம் வந்துவிட்டதால் அந்தப் பயம் மறந்துபோயிருந்தது.

நான்காம் ஞாயிறு மாரண்டஹள்ளியில் ஒரு நிச்சயதார்த்தம். பிள்ளைகளை முந்தின நாளே பாட்டி வீட்டாரோடு அனுப்பியிருந்தோம். நானும் மனைவியும் மச்சினனும் பஸ்ஸுக்குக் கிளம்பினோம். நடுவழியில் என்னால் தாங்க முடியவில்லை.

"மாப்ள, ஆபீசுக்கு ஒரு நடை போய்ட்டுப் போலாம். ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்றேன்.

மூன்று பேரும் போனோம். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தான். உள்ளே அந்நிய ஆம்பளை யாரும் இல்லாததால் மனைவி போர்த்தியிருந்த துப்பட்டியை முகத்திலிருந்து தள்ளிவிட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் மச்சினனைப் பார்க்காமலே, தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் வராததையும், பெட்டியைத் திறந்ததையும். அவன் முகம் வெளுத்துப்போயிருக்கவேண்டும். உடனே ஃபிளாப்பியைப் போட்டு ஓடவிட்டான்.

திரையில் முதல் எழுத்து வந்தது. மனைவி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். மச்சினன் ஒரு தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு விசைப்பலகையில் எதையோ தேடினான்.

"நிறுத்துடா, நிறுத்து! காது கிழியுது!" என்றாள் மனைவி.

மச்சினன் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினான். பயமெல்லாம் வடிந்துபோய்ச் சிரித்தான். "என்னா மச்சான், இப்பிடிப் பயமுறுத்திட்டீங்க. நல்லாத்தானே வருது. ரொம்பக் கீச்சுன்னு வருது, அவ்ளோதான்."

நான் சிரிக்கவில்லை. எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. ஏசியின் உறுமல் கேட்டது. ரோட்டில் லாரி போவது கேட்டது. இரண்டு பேர் காதைப் பொத்திக்கொள்கிற அளவுக்கு ஒரு சத்தம் அந்தச் சின்ன அறையில் கத்தியிருக்கிறது, எனக்கு அது இல்லை. நாய் கேட்டுக்குப் போனது, டேப் ரிக்கார்டர்காரர், மோதினார், எல்லோரும் வரிசையாகக் கண்முன் வந்து நின்றார்கள். அல்லாவே என்று மனதுக்குள் கூப்பிட்டேன்.

சேலத்து நண்பர் ஃபிளாப்பியோடு கொடுத்திருந்த நோட்டைப் புரட்டி மச்சினன் காரணத்தைக் கண்டுபிடித்தான். சத்தம் எவ்வளவு நீளம் என்பதற்கு ஒரு எண்ணிக்கை இருந்ததுபோல, எவ்வளவு கீச்சென்று இருக்கவேண்டும் என்பதற்கும் ஒரு எண்ணிக்கை இருந்தது. எண்ணிக்கை கூடினால் கீச்சு குறையும்; பழைய பெட்டியில் அது இருபது. அதையும் நூறாக்கியிருக்கவேண்டும், நாங்கள் விட்டுவிட்டோம். சத்தம் ஐந்து மடங்கு மேலே ஏறிப் போய்விட்டது. என் காதுக்கு எட்டாத இடத்துக்கு.

"மாப்ள, நூறு வேண்டாம். இருபதுலருந்து அஞ்சு அஞ்சா ஏத்திட்டு வா. நான் திரும்பி உக்காந்துக்கறேன். கேக்கும்போது கையத் தூக்கறேன்."

"எதுக்கு மச்சான்?"

"சொன்னதச் செய்."

நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். சுவரில் கம்பெனியின் சாம்பிள் கல் ஒன்று சாய்த்து வைத்திருந்தார்கள். ஆளுயரக் கருங்கல், கண்ணாடிபோல மெருகேற்றியது. அதில் எனக்குப் பின்னால் பெஞ்சில் இருந்த மனைவியின் முகம் தெரிந்தது.

நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேண்டுமென்றுதான் செய்தேன். கல்லுக்குள் அவள் புருவம் சுருங்கியது. நான் கையைத் தூக்கினேன். புருவம் தளர்ந்தது, இறக்கினேன். மறுபடி சுருங்கியது, மறுபடி தூக்கினேன்.

"அட, இருபதுலயே கேக்குதே ஒங்களுக்கு! அப்பறம் என்னா?" என்றான் மச்சினன். அவனுக்கு அத்தனை சந்தோஷம். எனக்கும் ஒரு கணம் நிஜமாகவே கேட்டதுபோல நிம்மதியாக இருந்தது. பயந்தவன் எதையும் நம்புவான்.

கல்லுக்குள் மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் பார்த்தாள். எழுந்து, கல்லில் தெரியாத மூலைக்குப் போய் நின்றுகொண்டாள்.

"இன்னொரு வாட்டி போடு தம்பி. மொதல்லருந்து" என்றாள்.

கல்லில் வெறும் பெஞ்சுதான் இருந்தது. நான் காத்திருந்தேன். ஓடவிட்டானா, இன்னும் விடவில்லையா என்றுகூடத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். ஏசி உறுமியது. என் நெஞ்சு அடித்துக்கொள்வது கேட்டது. ஏன் இவன் ஆரம்பிக்காமல் இருக்கிறான் என்று எரிச்சல் வந்தது. அவன் ஆரம்பித்து வெகுநேரம் ஆகியிருக்கும் என்று அடுத்த நொடியே புரிந்தது. மோட்டார் ரூமில் தனியாகப் பூட்டி வைத்துவிட்டார்கள்போல இருந்தது. அப்புறம், எங்கோ தூரத்தில், மெல்லியதாக ஒரு சத்தம். சின்னது, நீளம், சின்னது. கையைத் தூக்கினேன். தூக்கிய கையை இறக்கவே இல்லை.

திரும்பினேன். திரையில் நாற்பத்தைந்து என்று இருந்தது. மச்சினன் சிரிக்கவில்லை. இருபது, இருபத்தைந்து, முப்பது, முப்பத்தைந்து, நாற்பது, அத்தனையும் என் முதுகுக்குப் பின்னால் கத்திவிட்டுப் போயிருக்கின்றன.

மனைவி மூலையிலிருந்து வந்து என் எதிரே நின்றாள்.

"எத்தன நாளா என் மூஞ்சியப் பாத்தே கேட்டுட்டு இருக்கீங்க?"

"தெரியல" என்றேன். அது சத்தியமான உண்மை. வீட்டில் பால் குக்கர் விசில் அடித்தால் நான் அடுப்பைப் பார்ப்பேனா, அவள் திரும்புவதைப் பார்ப்பேனா? யோசித்தால் நினைவு வரவில்லை. காது எப்போது விட்டது, கண் எப்போது எடுத்துக்கொண்டது என்று எனக்கே தெரியாமல் நடந்திருக்கிறது. டைம்பீஸின் டக் டக் எல்லாம் கனமான சத்தம். அது கடைசியாகத்தான் போகும்போல. கடையை நினைத்தேன், பிள்ளைகளை நினைத்தேன். மச்சினன் அக்கா முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எண்ணிக்கையை நூறாக்கிச் சேமித்து, பெட்டியை அணைத்து, பூப்போட்ட உறையைப் போட்டான். வாத்தியாருக்கும் மற்றவர்களுக்கும் பாடம் தயார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். மாரண்டஹள்ளி பஸ்ஸில் நல்ல கூட்டம். நிச்சயதார்த்த நாள், சந்தைக்குப் போகிற தக்காளிக் கூடைகள் வேறு. மச்சினன் பின்னால் நின்றுகொண்டான். எங்கள் இரண்டு பேருக்கும் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வெளியாட்கள் இருந்ததால் அவள் துப்பட்டியைத் தலைமேல் இழுத்து, ஓரத்தை மூக்குவரை பிடித்துக்கொண்டாள். ஊர் வழக்கம். அவள் அம்மாவும் அப்படித்தான், என் அம்மாவும் அப்படித்தான். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் வீட்டுக்கு வெளியே அந்தத் துணி இறங்கி நான் பார்த்ததில்லை.

இன்ஜின் இரைச்சலில் நான் யாருடைய வாயையும் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். மனிதர்கள் பேசிக்கொள்வதைப் பார்க்கவே பயமாக இருந்தது. பாலக்கோட்டைத் தாண்டியதும் அவள் என் பக்கம் திரும்பியது தெரிந்தது. துணி லேசாக அசைந்தது. ஏதோ சொல்கிறாள். முணுமுணுப்பு மட்டும் வந்தது, சொல் ஒன்றுகூட வரவில்லை. வாயும் தெரியவில்லை, கன்னமும் தெரியவில்லை. கண் மட்டும் தெரிந்தது, அதில் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன?" என்றேன். என் குரல் அதிகமாக வந்துவிட்டது. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

துணி மறுபடி அசைந்தது. மறுபடி முணுமுணுப்பு. எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. ஆமாம் என்று தலையாட்டிவிடலாம் என்று தோன்றியது. அந்த நினைப்பு வந்ததே எனக்குப் பெரிய பயமாக இருந்தது. ஆட்டவில்லை. "கேக்கல" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னேன்.

அவள் பஸ்ஸை ஒரு தரம் பார்த்தாள். கண்டக்டர் எங்கள் சீட்டோரத்தில்தான் நின்றிருந்தார். எதிரில் அத்தனை ஆம்பளைகள். துப்பட்டியைப் பிடித்திருந்த கையை இறக்கினாள். துணி கழுத்துக்கு வந்தது. முழு முகத்தோடு என்னைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்.

"ஜன்னலச் சாத்துங்கன்னு சொன்னேன். தூசி வருது."

சாத்தினேன். மாரண்டஹள்ளி வந்து இறங்குகிறவரை அவள் துணியை மேலே இழுத்துக்கொள்ளவில்லை.